உளுந்து வேரில் இளஞ்சிவப்பு

1. கரித்தூள்

காலையில் வந்த அந்த போனில் வணக்கம் எதுவும் இல்லை.

“ஏட்டி, ஒன் கரித்தூளப் போட்ட வயலு காமாலை புடிச்ச மாதிரி நிக்கு. வந்து பாரு. வரும்போது ஒங்க மேனேசரையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு ஏசிக்கிடுதேன்.”

பேசியவர் பேச்சியம்மாள். ஆழ்வார்குறிச்சிப் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். பிசானப் பருவத்து நெல் அறுத்த கையோடு, மண்ணில் ஈரம் காய்வதற்குள் உழுது உளுந்து விதைத்திருந்தார். அந்த விதையில் எங்கள் கம்பெனியின் ரைசோபியம் பாக்கெட்டைக் கலந்து கொடுத்தவள் நான். எங்கள் ஆபீஸில் அந்த வயலுக்கு டெமோ பிளாட் என்று பெயர்.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். விக்கிரமசிங்கபுரம் போகிற சாலையில் ஒரு சிறிய உயிர் உர யூனிட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். பாக்டீரியாவை வளர்ப்பது, அதைக் கரித்தூளில் கலப்பது, பாக்கெட்டுக்குள் உயிர் இருக்கிறதா என்று கண்ணாடித் தட்டில் இட்டு வளர்த்துப் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் கடற்கரை. அப்பா, அண்ணன் எல்லாருக்கும் படகுதான் தொழில். வேலை கேட்டு வந்த அன்று மேனேஜர் சங்கரலிங்கம் சார் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, “ஸ்டெல்லா, கடக்கரப் பிள்ளைக்கு நஞ்சையில என்னம்மா சோலி?” என்று கேட்டார்.

“பாக்டீரியாவுக்குக் கடற்கரை, நஞ்சை எல்லாம் தெரியாது சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காற்றில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏராளமாக இருக்கிறது. எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ரைசோபியத்தால் முடியும். ஆனால் அந்த வேலைக்கு நிறைய சக்தி வேண்டும். மண்ணில் தனியாகக் கிடக்கும்போது அதற்கு அவ்வளவு வசதி இல்லை. உளுந்தின் வேர் அதை உள்ளே விடுகிறது. அதைச் சுற்றி ஒரு முடிச்சைக் கட்டிக்கொடுத்து, இலையில் செய்த சர்க்கரையை அங்கே அனுப்புகிறது. பதிலுக்கு ரைசோபியம் தழைச்சத்தைக் கொடுக்கிறது. முடிச்சில் வேலை நடக்கிறதா என்று பார்க்க லேப் தேவையில்லை. பிளேடால் குறுக்கே வெட்டினால் போதும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நடக்கிறது. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளுக்கு உறவான ஒரு பொருள் அங்கே இருக்கிறது. ஆக்சிஜன் கூடினால் ரைசோபியத்தின் வேலை கெடும், அறவே இல்லாவிட்டால் மூச்சு முட்டும். அதை அளந்து கொடுப்பது அந்தச் சிவப்புதான்.

இந்தக் கூட்டில் பாசம் கிடையாது. ரைசோபியம் வேலை செய்யாவிட்டால் செடி சர்க்கரையைக் குறைத்துவிடும். மண்ணில் யூரியா நிறையக் கிடந்தாலும் அப்படித்தான். சும்மா கிடைக்கிற சாமானுக்கு யார் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள்?

2. சாகிற வழிகள்

வயலுக்குப் பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் பட்டியல் போட்டேன். ரைசோபியம் சாவதற்கு எங்கள் பக்கத்தில் உள்ள வழிகள்:

கஞ்சி. விதையில் கரித்தூள் ஒட்டுவதற்காக வடிகஞ்சி ஊற்றச் சொல்கிறோம். ஆறியிருக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஊற்றிவிடுவார்கள். ஒருவர் கொதிக்கிற கஞ்சியை ஊற்றிவிட்டு, “கிருமியெல்லாம் செத்துரும்லா” என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். உண்மைதான், செத்துவிட்டது.

வெயில். நிழலில் உலர்த்தச் சொன்னால் சீக்கிரம் காயட்டும் என்று தகரக் கூரையில் பரப்புவார்கள்.

பூசண மருந்து. அதே நாளில், அதே சட்டியில், ஒரே கலக்கு.

உரக்கடை. மேற்கு வெயில் நேராக அடிக்கிற ஷட்டர் ஓரம்தான் எங்கள் பாக்கெட்டுக்கு இடம். உள்ளே நிழலில் யூரியா மூட்டை இருக்கும்.

பேச்சியம்மாள் வயலில் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. கஞ்சியில் விரல் விட்டுப் பார்த்தது நான். விதையை வேப்பமரத்து நிழலில் உலர்த்தியதும் நான். எனவே பழியை வேறு யார் மேலும் போட வழியில்லை.

வயல் மஞ்சளாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த வயல் கரும்பச்சை. அது பேச்சியம்மாளின் கொழுந்தன் முருகையாவுடையது. அவர் ஏற்கெனவே யூரியா போட்டிருந்தார். வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு எனக்காகவே காத்திருந்தது போல நின்றார்.

“மதினி, கம்பெனிக்காரப் பிள்ள வந்துட்டு. நல்லாக் கேளுங்க” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, தோசக்கல்லுக் கரியச் சொரண்டி பாக்கெட்டுல அடச்சா அது உரமா? ஒங்க ஊர்ல கருவாட்டுக்கும் இதத்தான் தடவுவாவளோ?”

“கருவாட்டுக்கு உப்பு போதும் அண்ணாச்சி. இது உசுருள்ள சாமான்.”

“உசுரு இருந்தா சத்தம் குடுக்கச் சொல்லேன் பாப்பம்.”

பேச்சியம்மாளே சிரித்துவிட்டார். பிறகு கோபம் நினைவுக்கு வந்து, “நீங்க சும்மா கெடங்க கொழுந்தனாரே. ஏட்டி, நீ என்ன பாக்கணுமோ பாரு” என்றார்.

களைக்கொத்தால் மண்ணோடு சில செடிகளைத் தோண்டி எடுத்து வாய்க்காலில் அலசினேன். செடியை இழுத்துப் பிடுங்கக் கூடாது. முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். முடிச்சுகள் இருந்தன. முதலில் வெட்டியது வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. முருகையா மெல்ல இருமினார். அதற்கடுத்த முடிச்சில் நடுவில் மட்டும், துணியில் பட்டுத் துவைத்த கறை போல, ஒரு லேசான சிவப்பு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விதைக்குள் இருந்த சத்து தீர்ந்துவிட்டது. முடிச்சு இப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் பயிர் கொஞ்ச நாள் பசியோடு நிற்கும். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. வரப்பில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வயல் முழுக்க மஞ்சள்.

“எக்கா, பசிச்சுப் போயி நிக்கு. இனிமே தேறிரும். யூரியா மட்டும் போட்டுராதிய” என்றேன்.

முருகையா தன் வயலுக்குள் இறங்கிப் போகும்வரை பேச்சியம்மாள் காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “நான் பொறுப்பேன். டவுண் ஐயா பொறுப்பாரா?”

டவுண் ஐயா என்பது நிலத்துக்காரர். பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, திருநெல்வேலி டவுணில் ரதவீதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். அடுத்த குத்தகையை உளுந்து அறுப்பு முடிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருந்தார். முருகையாவும் அதே வயலைக் கேட்டிருந்தார்.

“பயிரு நோஞ்சானா நின்னா அவருக்குக் காரணம் கெடச்சிரும். பொம்பள கையில நெலம் தேறாதுன்னு எம் முன்னாலயே சொன்னவருதான்.”

3. ரோட்டோரம்

மேனேஜருக்கு வேறு கவலை. அதே வயலில் ஃபீல்டு டே நடத்த அவர் தேதி குறித்திருந்தார். சுற்றுவட்டார விவசாயிகள், உரக்கடைக்காரர்கள், நிலத்துக்காரர் என்று எல்லாரையும் அழைத்தாகிவிட்டது. நான் என் மொபைலில் எடுத்த படங்களைக் காட்டினேன். இளஞ்சிவப்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு வயலின் படத்தைப் பெரிதாக்கினார்.

“இத வச்சிக்கிட்டு எவன்ட்டம்மா பாக்கெட்டு விக்கது? ரோட்டோரத்துல மட்டும் ஒரு பட்டை யூரியா போட்டு விடு. போட்டோ அங்கனதான் எடுப்பாவ.”

“போட்டா அது யூரியாவோட டெமோ சார். நம்மோடது இல்ல.”

“எவனுக்குத் தெரியும்?”

“செடிக்குத் தெரியும். யூரியா போட்ட எடத்துல முடிச்சு வேலைய நிறுத்திரும். யாராவது ஒருத்தர் தோண்டிப் பாத்தா, நம்ம பாக்கெட்டு ஒண்ணும் செய்யலன்னு நாமளே நிரூபிச்ச மாதிரி ஆயிரும்.”

“ஃபீல்டு டேயில எவம்மா தோண்டுவான்? வருவான், வடை தின்பான், போவான்.” கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஒனக்குச் சம்பளம் தரது நானா, பாக்டீரியாவா?”

“நம்ம ரெண்டு பேருக்குமே அதுதான் சார் தருது.”

வெளியே போகச் சொன்னார். போனேன். யூரியா போடவில்லை. அந்த வாரம் லேபில் ஒரு பேட்ச்சில் பூசணம் கலந்துவிட்டது. அதைச் சரி செய்வதிலேயே நாட்கள் போயின. வயலுக்கு மறுபடி போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே தெரிந்துவிட்டது. ரோட்டோரம் ஒரு பட்டை மட்டும், தைத்து ஒட்டியது போல, கரும்பச்சையாக நின்றது. மற்ற இடமும் தேறிக்கொண்டுதான் இருந்தது. மஞ்சள் போய் இளம்பச்சை வந்திருந்தது. ஆனால் அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் அது சோகை பிடித்தது போலத் தெரிந்தது.

பேச்சியம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒங்க டிரைவரு மூட்டையோட வந்தான். மேனேசர் குடுத்து விட்டாருன்னான். போடுலேன்னேன்.”

“நான் வேண்டாம்னு சொன்னேன்லா எக்கா?”

“சொன்ன. ஒனக்கு வேல போனா ஒங்க அப்பாவுக்குப் படகு இருக்கு. எனக்கு நெலம் போனா என்னட்டி இருக்கு?”

வரப்பில் உட்கார்ந்தேன். அவர் களை எடுப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “வயலு பூராவும் போடுதேன்னுதான் அவன் நின்னான். நாந்தான் பட்டையோட நிறுத்தினேன். ஒன் பேச்சையும் பாத்துருவோம்னுதான்.”

4. வடையும் பிளேடும்

ஃபீல்டு டே அன்று ரோட்டோரமாகப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி, மைக், டீ எல்லாம் வைத்திருந்தார்கள். சாப்பிட உளுந்து வடை. டவுண் ஐயா முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக உட்கார்ந்திருந்தார். முருகையா பின்னால் நின்றார்.

மேனேஜர் மைக்கைப் பிடித்துப் பச்சைப் பட்டையைக் காட்டினார். “கையால தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. இலை எப்படி நிக்கு பாருங்க. எல்லாம் நம்ம பாக்கெட்டு வேல.”

“பாக்கெட்டு வேலயா, மூட்ட வேலயா?” முருகையாவின் குரல். “ஒங்க வண்டியில இருந்து யூரியா எறக்கினத இந்தக் கண்ணால பாத்தேன்வே. கரித்தூளு போட்ட எடம் அன்னா அங்கன சவம் மாதிரி நிக்கு. அதக் காட்டும்.”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஒரு கடைக்காரர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே கைதட்டினார். டவுண் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தார்.

“என்ன பேச்சி, எங்கிட்டயே வித்த காட்டுதியா?”

பேச்சியம்மாளின் முகம் செத்துவிட்டது. அந்த ஒரு கேள்வியில் வயல் கைமாறிக்கொண்டிருந்தது. அவர் மஞ்சளுக்குப் பயந்து போட்ட யூரியாவே இப்போது அவருக்கு எதிராக நின்றது. மேனேஜர் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் எழுந்துபோய் மைக்கைக் கேட்டேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

“யூரியா போட்டது நெசந்தான். எங்க ஆபீஸ் வண்டியில வந்தது. பயிருக்கு வேணும்னு போடல, போட்டோவுக்குப் போட்டது. ரெண்டு பக்கமும் தோண்டிப் பாத்துருவோம். எங்க பாக்கெட்டு பொய்யின்னா இங்கயே தெரிஞ்சிரட்டும்.”

“மைக்கக் குடும்மா” என்றார் மேனேஜர், பல்லைக் கடித்தபடி.

கொடுத்துவிட்டு வயலுக்குள் இறங்கினேன். எனக்கு முன்னால் பேச்சியம்மாள் களைக்கொத்தோடு நின்றார்.

“நீ தள்ளு. எம் பயிர நான் தோண்டுதேன்.” பிறகு பந்தலைப் பார்த்து, மைக் தேவைப்படாத குரலில் சொன்னார்: “போடச் சொன்னது நாந்தான். இந்தப் பிள்ள வேண்டாம்னா. கேக்கல. வித்த காட்டணும்னு போடல ஐயா. நீங்க பச்சையத்தான பாப்பீயன்னு போட்டேன்.”

கைதட்டிய கடைக்காரர் வடையைக் கீழே வைத்தார்.

பட்டையில் தோண்டியதையும் உள்ளே தோண்டியதையும் தனித்தனி வாளியில் அலசிப் பெஞ்சில் பரப்பினோம். டவுண் ஐயாவிடம் பிளேடைக் கொடுத்தேன். நானே வெட்டினால் அதுவும் வித்தை என்பார்கள். பட்டைச் செடியில் முடிச்சு கொஞ்சம்தான் இருந்தது. வெட்டினால் உள்ளே பச்சையும் பழுப்புமாகச் சோர்ந்து கிடந்தது. மற்றதில் முடிச்சுகள் தடிமனாக, கொத்தாக இருந்தன. அவர் ஒன்றை வெட்டினார். இன்னொன்றை வெட்டினார். மூன்றாவதைப் பிளேடில்லாமல் விரலால் நசுக்கினார். விரல் சிவந்தது.

“ரத்தம் மாதிரில்லா இருக்கு.”

“அந்தச் சிவப்பு இருந்தா உள்ள வேல நடக்குன்னு அர்த்தம் ஐயா. யூரியா கெடச்ச எடத்துல செடி அந்த வேலைய வேண்டாம்னு விட்டுட்டு.”

முருகையா தன் வயலில் இறங்கி ஒரு செடியைத் தோண்டிக்கொண்டு வந்தார். நான் சொல்லாமலே மண்ணோடு எடுத்திருந்தார். வேரைத் தேடித் தேடிப் பார்த்தார்.

“நம்மதுல ஒண்ணையும் காணும்.”

“ரெண்டு தடவ யூரியா போட்ட எடத்துல அதுக்கு என்ன சோலி அண்ணாச்சி?”

“இருக்கட்டும். பச்சை பச்சைதான்” என்று செடியை வாய்க்காலில் வீசினார்.

டவுண் ஐயா விரலை வேட்டியில் படாமல் துடைத்துக்கொண்டார். “அறுப்பு ஆகட்டும். பொறவு பாப்பம்” என்றார்.

5. முழுசும்

பூக்கும்போது வயல் முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் பட்டை எது என்று சொல்ல முடியாது. அறுப்பிலும் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. எங்கள் பாக்கெட் வானத்தைக் கிழித்துவிட்டது என்று எழுத மாட்டேன். பட்டையும் மற்ற இடமும் சமமாகக் காய்த்தன. யூரியா போட்ட இடத்தில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது போதும்.

டவுண் ஐயா களத்துக்கு வந்தபோது நானும் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “பாதி நீ வச்சிக்க. பாதி முருகையா வச்சிக்கிடட்டும். ஒரே குடும்பம்தான? சண்ட வேண்டாம்.”

பேச்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

“பாதி வேண்டாம் ஐயா.”

“என்னது?”

“மடை ஒண்ணுதான். மேல்பாதி அவிய கையில இருந்தா, அவிய போடுத யூரியாத்தண்ணி கீழ்ப்பாதியிலதான் வந்து நிக்கும். பொறவு எம் வேருலயும் ஒண்ணும் இருக்காது. தந்தா முழுசும் தாங்க. இல்லன்னா முழுசையும் அவியளுக்கே குடுத்துருங்க. நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.”

நான் திகைத்துப்போனேன். பாதி என்பது அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம். பேசாமல் வாங்கிக்கொள்வார் என்றே நினைத்தேன். டவுண் ஐயா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். “கோட்டிக்காரி, கிறுக்கி” என்றார். காரில் ஏறும்போது ஜன்னலை இறக்கி, “பிசானத்துக்கு நாத்துப் பாவுத வேலையப் பாரு. முழுசுக்கும்” என்றார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கடைக்காரர்கள் கோபமாக இருப்பதாகவும், இனி நான் லேபோடு நின்றுகொள்ள வேண்டும் என்றும், வயல் பக்கம் வேறு ஆள் போவார் என்றும் சொன்னார். சம்பளம் குறையாது. ஏ.சி. அறை. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்.

“பாதி வேல வேண்டாம் சார்” என்றேன். “லேபும் வயலும் சேந்ததுதான் தரக்கட்டுப்பாடு. பாக்கெட்டுக்குள்ள உசுரு இருக்குன்னு மட்டும் பாத்துட்டு, அது வேருல போயி என்ன ஆச்சுன்னு பாக்கலன்னா நான் என்னத்துக்குக் கையெழுத்துப் போடணும்? அதோட பாக்கெட்டுல ஒரு வரி சேக்கணும். இத வெதையில கலந்து நேர்த்தி செஞ்ச பயிருக்கு யூரியா மேலுரம் போடாதீங்கன்னு.”

“கடக்காரன் யூரியா விக்கவன்மா! அவன் கடையில வச்சே அவன் சரக்க வாங்காதன்னு அச்சடிக்கணுமா?”

“ஆமா சார்.”

“முடியாதுன்னா?”

“அடுத்த பேட்ச்சுக்கு வேற ஆளக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

அவர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். அவருக்கும் சில கணக்குகள் தெரியும். ஃபீல்டு டே முடிந்த பிறகு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பாக்கெட் கேட்டு வந்தவர்கள் பட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு வருமா என்றுதான் கேட்டார்கள்.

“எழுத்தச் சின்னதாப் போடு” என்றார் கடைசியில்.

“பெருசாத்தான் சார்.”

அடுத்த பேட்ச் அந்த வரியோடுதான் வெளியே போனது. சில கடைகள் பெட்டியைத் திருப்பி அனுப்பின. சிலர் அந்த வரி மறைகிற மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன். வயலுக்கும் போகிறேன்.

இந்த வேலைக்கு வருகிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. உங்களிடமும் ஒருநாள் யாராவது வயலை மேலே மட்டும் பச்சையாக்கிக் காட்டச் சொல்வார்கள். சொல்கிறவர் உங்களுக்குச் சம்பளம் தருகிறவராக இருப்பார். தோண்டுங்கள், எல்லார் முன்னாலும் வெட்டுங்கள். உள்ளே சிவப்பு இல்லாமல், உங்கள் பாக்கெட்டே தோற்றுப்போய் வெள்ளையாக இருந்தால், அதையும் அதே கூட்டத்தில் தூக்கிக் காட்டுங்கள்.